பொண்ணு ஏறும் வண்டி

அம்பாசிடர் உசத்தியா, கான்டெஸா உசத்தியா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் கேட்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பேன். தெரிந்துகொள்ளக் கேட்கிறானா, என் வாயைக் கிளறக் கேட்கிறானா என்று பார்க்க வேண்டும் அல்லவா? ராயபுரத்தில் இரண்டாவது வகை ஆட்கள்தான் அதிகம்.

என் பெயர் சிலுவையம்மாள். மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறேன், கல்யாண நாளில் அம்பாசிடர். அது என் வீட்டுக்காரர் துறைமுகத்து வாசலில் டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. அறுபதாம் வருஷத்து மார்க் ஒன். அவர் போன பிறகு, எடைக்குப் போட்டாலும் ஏதோ வரும், தள்ளிவிடு என்று வந்தவன் போனவன் எல்லாம் புத்தி சொன்னான். எடைக்குப் போட அது என்ன பழைய பேப்பரா? கருப்பையும் மஞ்சளையும் சுரண்டி எடுத்துவிட்டு முழுக்க வெள்ளை அடித்தேன். எங்கள் பக்கத்தில் மணப்பெண் கோயிலுக்குப் போவதென்றால் சிலுவக்கா வண்டியில்தான் என்று ஒரு பேரை உண்டாக்கினேன்.

பெண்ணை ஏற்றிக்கொண்டு போவதற்கு என்று எனக்கு ஒரு முறை உண்டு. பெண் ஏறிவிட்டால் ஹாரன் அடிக்க மாட்டேன். கன்டெய்னர் லாரிக்காரன் குறுக்கே வந்து விழுந்தாலும் சரி, திட்டுவதை எல்லாம் வாய்க்குள்ளேயே திட்டிக்கொள்வேன். பெண் இரண்டு காலையும் தரையில் வைக்கிற வரைக்கும் எஞ்சினை அணைக்க மாட்டேன். நடுவழியில் வண்டி நின்று போனால், சாகிற வரைக்கும் மாமியார் வீட்டில் அதைச் சொல்லிக் காட்டியே அவளைக் கொல்வார்கள். என் வண்டி ஒரு பெண்ணுக்கும் அந்தப் பேச்சை வாங்கிக் கொடுத்தது கிடையாது.

கான்டெஸா கலீலுல்லா பாயுடையது. தண்டையார்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். எண்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி, கருநீலம், ஐந்து கியர், ஏசி. ஒரு கப்பல் ஏஜென்டு வைத்திருந்ததை வாங்கிக் கைக்குழந்தை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். அவரும் நானும் நேரில் பார்த்தால் சண்டை, நாலு நாள் பார்க்காவிட்டால் போன்.

"உன் வண்டி தாத்தாக்கா. என் வண்டி மாப்ள" என்பார்.

"அந்தத் தாத்தா இல்லன்னா மாப்ள ஏது? கான்டெஸா மொதமொத வந்தப்போ அதுக்குள்ள கெடந்ததே அம்பாசிடர் எஞ்சின்தான். பீலா வுடாத பாய்" என்பேன்.

இந்தப் பேச்சு எத்தனையோ வருஷமாக நடக்கிறது. கொரோனாவுக்குப் பிறகுதான் என் பக்கம் குரல் கம்மிவிட்டது. பெண்கள் எல்லாம் செல்போனில் எதைப் பார்க்கிறார்களோ, கான்டெஸாதான் வேண்டும் என்றார்கள். பழைய காலம் என்றால் அவர்களுக்கு எண்பதுதான் பழைய காலம், அறுபது என்றால் மியூசியம். என் வண்டி ஷெட்டிலேயே கிடந்தது. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி உள்ளே விடுவேன். மனசு விட்டுப் போயிற்று.

அப்போதுதான் என் மகன் ஜெரால்டுக்குக் கல்யாணம் கூடி வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பெண் ஹெப்சிபா, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், அப்புறம்தான் எங்களிடம் சொன்னார்கள். பெண்ணின் அப்பா தொபியாஸ் ரயில்வே ஆள், புதுவண்ணாரப்பேட்டையில் வீடு, எனக்கு வெகுகாலப் பழக்கம். கட்டிலா, பீரோவா, என்ன வேண்டும் என்று கேட்டான். எதுவும் வேண்டாம் என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு தொபியாஸ். உன் பொண்ணு என் வண்டிலதான் கோயிலுக்கு வரணும். நானே வந்து இட்டுனு போவேன்."

தொபியாஸ் தலையைச் சொறிந்தான். அவனுக்கு மேலே ஒரு அக்கா இருக்கிறாள். அந்த வீட்டில் அவள் சொல்லாமல் குழம்புக்கு உப்புகூடப் போட மாட்டார்கள். "ரெண்டு வண்டியையும் பாத்துட்டு சொல்றோம்கா" என்றான்.

ஊரான் வீட்டுப் பெண்ணை எல்லாம் ஏற்றிக்கொண்டு போன வண்டியில் என் மருமகள் ஏறவில்லை என்றால் நான் எதற்கு இந்தச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிய வேண்டும்? மூன்று பொழுதும் அதே நினைப்பாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை பாய் கடை வாசலில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். ஹெப்சிபாவுக்கு லேபில் டூட்டி. தொபியாஸும் அவன் அக்காவும் வந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, வெயிலில் பார்க்கும்போது கான்டெஸாவின் மூஞ்சி அழகுதான். நீளமாக, அகலமாக, முன்பக்கம் ஜோடி ஜோடியாக விளக்கு வைத்து, பெரிய வீட்டுப் பிள்ளை போல நின்றது. என்னுடையது குண்டு. கன்னம் உப்பிய குண்டு. ஆனால் ஒரு பக்கம்கூட நசுங்கல் கிடையாது.

அக்கா முதலில் கான்டெஸாவில் ஏறி உட்கார்ந்தாள். பாய் ஏசியைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். "இன்னா ஜில்லுனு கீது தம்பி, இங்கயே தூங்கிடலாம் போல" என்றாள். ஆனால் இறங்கும்போதுதான் வினை வந்தது. கான்டெஸா சீட்டு தாழ்ந்த சீட்டு. அந்தம்மா கதவைப் பிடித்துப் பார்த்தாள், முன்சீட்டைப் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் பாய்தான் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"இப்ப என் வண்டில குந்துங்க" என்றேன்.

வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள், அதே மாதிரி எழுந்து வந்தாள். தலைக்கு மேலே ஒரு சாண் இடம் இருந்தது. நான் விடவில்லை. "பொண்ணு கவுனு போடும். பின்னாடி வால் மாதிரி துணி இழுத்துகினு வரும். தலைல கிரீடம் வேற. பாய் வண்டில போனா, உள்ள போறப்போ கவுனு கசங்கும், வெளிய வர்றப்போ கிரீடம் இடிக்கும். என் வண்டில ராணி மாதிரி எறங்கும்" என்றேன்.

பாய் சும்மா இருப்பாரா? "வேர்வைல நனைஞ்சி எறங்குற ராணியாக்கா?" என்றார்.

"கண்ணாடிய எறக்குனா காத்து வரும் பாய். ஆண்டவர் குடுத்த ஏசி."

"எண்ணூர் பாக்டரிலேர்ந்து வர்ற காத்தா? அதுல பொண்ணு மயக்கம் போட்டுடும்" என்றார். தொபியாஸ் சிரித்தே விட்டான். பாய் எஞ்சினை முறுக்கிக் காட்டினார், நான் என்னுடையதைச் சும்மா ஓடவிட்டு பானெட்டின் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக் காட்டினேன். தண்ணீர் சிந்தவில்லை. அதோடு பாய் தெருமுனை வேகத்தடையில் ஏறிக் காட்டியபோது கான்டெஸாவின் அடிவயிறு கரகரவென்று தேய்ந்தது. எங்கள் பக்கத்து வேகத்தடைகள் யானைக்குப் போட்டவை.

"சிலுவக்கா வண்டியே இருக்கட்டும்" என்று தொபியாஸின் அக்கா சொன்னாள். பாய் கையைத் தூக்கிவிட்டு எல்லாருக்கும் டீ சொன்னார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து வண்டிக்கு மெழுகு பூசினேன், சீட்டுக்குப் புது வெள்ளை உறை தைக்கக் கொடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தொபியாஸுக்கும் எனக்கும், இன்னும் நாலைந்து வீட்டுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் தொபியாஸின் மனைவி செசிலியா வீட்டிலேயே விடியற்காலையில் செத்துப்போனாள். தொபியாஸுக்கும் ஜுரம், ஹெப்சிபாவுக்கும் ஜுரம். ஆம்புலன்ஸ் இதோ அதோ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சாவு வண்டிக்காரன் தெருமுனை வரைக்கும் வந்து, ஜுரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தொபியாஸ் எனக்குப் போன் போட்டு அழுதான்.

"அக்கா, யாருக்கும் தெரிய வாணாம்கா. தெருவ தகரம் வெச்சி அடைச்சிடுவாங்க. பொண்ணு வேற ஒடம்பு சரியில்லாம கீது" என்றான்.

நானும் அவனும் போர்வையோடு தூக்கி என் வண்டியின் பின்சீட்டில் படுக்க வைத்தோம். காசிமேட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்புறம் அது காதும் காதும் வைத்த மாதிரி பரவிற்று. கூப்பிட்டவர்களுக்கு எல்லாம் போனேன். எங்கள் பக்கத்து லாண்டரிக்காரர் வேலப்பனை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதும் என் வண்டிதான். தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் தொடப் பயந்த நேரம் அது. எல்லாரும் காசு கொடுக்க வந்தார்கள், வாங்கவில்லை. எல்லாரும் வெளியே சொல்லாதே என்றார்கள், சொல்லவில்லை. டெட்டால் ஊற்றிக் கழுவி, சீட்டையே மாற்றி, மறுபடி பூ ஒட்டத் தயாராக நிறுத்தினேன். என் வயிற்றுப் பிள்ளைக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணு வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது எங்கள் வழக்கம். முன்னே இருந்த ஃபாதர் எதுவும் கேட்க மாட்டார். வருவார், தெளிப்பார், "பிரேக் நல்லா பிடிக்குதா?" என்பார், போவார். இப்போது இருப்பவர் புதிதாக வந்தவர், இளவயது, நல்லவர். அந்த நல்லவர் என்பதுதான் வம்பாகப் போயிற்று. வண்டியைச் சுற்றி வந்து, தடவிப் பார்த்து, "இதோட கதை என்னம்மா?" என்று கேட்டார். அப்படிச் சிரித்துக்கொண்டு யாரும் என்னிடம் வண்டியின் கதையைக் கேட்டது கிடையாது. கோயில் வாசலில் நின்றுகொண்டு, தீர்த்தம் தெளிக்கப் போகிற சாமியாரிடம் பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதா? மணப்பெண்களைச் சொன்னேன், செத்தவர்களையும் சொன்னேன். பெயர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. வண்டிக்கு மட்டுமில்லாமல் எனக்கும் சேர்த்துத் தெளித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நல்ல சமாரியன் வாசகம். அடிபட்டுக் கிடந்தவனைத் தன் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனானே, அந்தக் கதை. ஃபாதர் பிரசங்கத்தில் நிமிர்ந்து நின்று, "அந்தச் சமாரியன் யாரென்று தேட வேண்டாம், நம் கோயில் பங்கிலேயே இருக்கிறார்" என்றார். எனக்கு அப்போதுகூடப் புரியவில்லை. "ஒரு வெள்ளை அம்பாசிடர். யாரும் தொட மறுத்த உடல்களை அதில் ஏற்றிக்கொண்டு போன ஒரு தாய். சிலுவையம்மாளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம்" என்றார். கோயில் முழுக்கக் கை தட்டினார்கள்.

மெய்யாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் போன நாளிலிருந்து என்னை யாரும் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆட்டோக்காரி, வாய்க்காரி, சண்டைக்காரி, இவ்வளவுதான் என் பட்டம். முட்டி போட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ தெய்வம்கா" என்றாள் ஒருத்தி. "உனக்கு மோட்சம்தான்" என்றாள் இன்னொருத்தி. என் கையைப் பிடித்தவர்கள் யாரும் வண்டிப் பக்கம் போகவில்லை. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டின் மேல் சாய்ந்துகொண்டு நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் பம்பரில் ஏறி நிற்கும். அன்றைக்கு வண்டியைச் சுற்றிலும் கோலம் போடுகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. ஒரு குழந்தை ஓடிப்போய் விளக்கைத் தொட்டது. அதன் அம்மா அதைப் பிடித்து இழுத்து, கையைத் தன் புடவையில் துடைத்துவிட்டாள். அவள் இதே வண்டியில்தான் கல்யாணத்துக்கு வந்தவள். ஃபாதர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. மனிதர் புகழ்ந்துதானே பேசினார்?

அன்றைக்குச் சாயங்காலம் தொபியாஸ் வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, பேஜாராயிடுச்சிக்கா. எங்க அக்கா ஒத்துக்க மாட்டேங்குது. பொண வண்டில கன்னிப் பொண்ண ஏத்துவியான்னு கேக்குது. சொந்தக்காரங்க போன் மேல போன் போட்டுகினு கீறாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. "பொண வண்டியா? யாரு பொணம்டா? அந்த வண்டில மொதல்ல போனதே உன் பொண்டாட்டி. அன்னிக்கி உனக்கு அது பொண வண்டியா தெரியல? போன வாரம் பாய் கடைல டீ குடிச்சியே, அப்ப தெரியலையா?"

"அப்பவும் தெரியும்கா" என்றான் தொபியாஸ். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "எனக்குத் தெரியும். இப்ப எல்லாருக்கும் தெரியுது. அதான்கா."

அவன் பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். உண்மையைச் சொன்னவனை எதைச் சொல்லி அடிப்பது? ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள். போ என்றேன். போய்விட்டான்.

ஜெரால்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் எழுந்து வருவான், என் அம்மாவைப் பற்றி இன்னொரு தடவை பேசினால் கல்யாணமே வேண்டாம் என்பான் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. ஒரு வார்த்தை பேசுவான் என்று எதிர்பார்த்தேன்.

"நீ இன்னாடா சொல்ற?" என்றேன்.

"ஒரு நாளு தானேமா."

"இன்னா ஒரு நாளு?"

"நான் கலீலுல்லா பாய்கிட்ட பேசிட்டேன். கான்டெஸா ஃப்ரீயா கீதாம்."

"எப்போ பேசுன?"

"மத்தியானம்" என்றான்.

மத்தியானம். தொபியாஸ் என் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே. கோயிலில் கை தட்டினார்களே, அந்தச் சத்தம் அடங்குவதற்கு முன்னாலேயே பேசியிருப்பான் போல. அதோடு விட்டானா? சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னொண்ணும்மா. அன்னிக்கி நம்ம வண்டிய வாசலாண்ட வெக்க வாணாம். போட்டோல பின்னாடி தெரியும். ஷெட்டுல வுட்டு கவர் போட்டுடு" என்றான்.

அந்த வண்டி ஓடின காசில்தான் இவன் ஐடிஐ படித்தான். தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன், சோறு என்ன பாவம் செய்தது என்று விட்டேன்.

"சரி" என்றேன். "வண்டி உன் இஷ்டம். ஆனா ஸ்டியரிங்ல நான்தான் குந்துவேன். என் மருமகள வேற எவனும் கோயிலுக்கு இட்டுனு வரக் கூடாது. அதுக்கும் ஒத்துக்கலன்னா நான் கல்யாணத்துக்கே வரல."

அதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். என் கை தீட்டு இல்லை போலிருக்கிறது, சீட்டு மட்டும்தான் தீட்டு.

பாய் சாவியைக் கொடுக்க வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஜெயிச்சிட்டல்ல பாய்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"இப்டி ஜெயிக்கறதுக்கா நான் வண்டி வெச்சினு கீறேன்?" என்றார் அவர். "மாட்டேன்னுதான் சொன்னேன்கா. வேற எவன்கிட்டயாவது போறேன்னான் உன் புள்ள. எவனோ ஒருத்தன் வண்டிக்கு என் வண்டியே பரவால்லன்னு வுட்டுட்டேன்." சொல்லிவிட்டு, கிளட்ச் எங்கே பிடிக்கும், ரிவர்ஸ் எப்படி விழும் என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்குத் தாத்தா, மாப்ள என்று எங்களில் யாரும் பேசவில்லை.

கல்யாணத்தன்று காலையில் புதுவண்ணாரப்பேட்டைக்குக் கான்டெஸாவை ஓட்டிக்கொண்டு போனேன். மனசாட்சியோடு சொல்கிறேன், நல்ல வண்டி. ஸ்டியரிங் டப்பா மூடியைத் திருகுகிற மாதிரி திரும்புகிறது. கியர் வெண்ணெயில் விழுகிறது. என் அம்பாசிடரில் ஒரு திருப்பத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இவ்வளவு காலம் அதோடு மல்லுக்கட்டினேனே என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றிற்று. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஹெப்சிபா வெள்ளைக் கவுனில் வந்தாள். குனிந்து, கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒடுக்கிப் பின்சீட்டில் நுழைந்தாள். தொபியாஸ் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்கள் வேனில் முன்னே போய்விட்டார்கள். கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசி போட்டுக்கொண்டு போனோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தது.

"அத்த, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் ஹெப்சிபா.

"கேளுமா."

"அம்மாவ எந்தப் பக்கம் தலைய வெச்சி படுக்க வெச்சீங்க?"

தொபியாஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். "இன்னைக்கு இன்னாத்துக்குமா அதெல்லாம்?" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பின்னாலதான் தலை" என்றேன். "முட்டிய லேசா மடக்கி வெச்சோம். சீட்டு நீளம் பத்தல."

"தனியாவா போனாங்க?"

"தனியா எங்க? நான்தான் கூட இருந்தேனே. பேசிகினேதான் போனேன்."

"இன்னா பேசுனீங்க?"

"இன்னாத்த பேசுவேன். ரோடு சரியில்ல செசிலி, கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன். மேடு வருது, கெட்டியா புட்ச்சிக்கோன்னேன். உன் பொண்ணுக்கு ஜுரம் எறங்கிடும், கவலப்படாதன்னேன். ஒரு எடத்துலயும் ஹாரன் அடிக்கல. பொண்ணு வண்டி எப்டி ஓட்டுவேனோ அப்டியேதான் ஓட்டினேன்."

அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை.

"நான் மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன் அத்த. எழுந்து நிக்க முடியல, ஜன்னல் கம்பிய புட்ச்சிகினு பாத்தேன். வண்டியோட மேல்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுது. வெள்ளையா போச்சு. அம்மாவ நான் கடைசியா பாத்தது அதான்." கவுனை மடியில் நீவிவிட்டுக்கொண்டாள். "அம்மா போன வண்டிலதான் கோயிலுக்கு வரணும்னு, கல்யாணப் பேச்சு எடுத்த அன்னைக்கே நெனச்சி வெச்சினு இருந்தேன்."

"அப்ப ஏன்டி வாயத் தொறந்து சொல்லல?" என்று கத்தினேன். மணப்பெண்ணை வண்டியில் வைத்துக்கொண்டு நான் அந்த மாதிரி கத்தியது அதுதான் முதல் தடவை.

"என்ன யாரு கேட்டீங்க?" என்றாள் ஹெப்சிபா.

அவள் குரலை உயர்த்தவில்லை. நான்தான் செருப்பால் அடிபட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். கவுன் கசங்குமா என்று கேட்டோம், கிரீடம் இடிக்குமா என்று கேட்டோம். அக்காக்காரியைக் கேட்டோம், சொந்தக்காரர்களைக் கேட்டோம். தொபியாஸோடு சண்டை போட்டேன், பெற்ற பிள்ளையோடு சண்டை போட்டேன். எல்லாம் இந்தப் பெண்ணை என் வண்டியில் ஏற்றத்தான். இவளைக் கூப்பிட்டு, உனக்கு எதில் வர ஆசை என்று நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், தொபியாஸின் அக்கா இல்லை, ஊரே திரண்டு வந்தாலும் ஒரு கை பார்த்திருப்பேன். எனக்கு என் வண்டிதான் முக்கியமாக இருந்தது.

லாரி வரிசை நகர்ந்தது. என் தெருவுக்குத் திரும்புகிற முனை வந்தது. பிரேக்கை மிதித்தேன்.

"திருப்பட்டுமா?" என்றேன். "வூடு இங்கதான் கீது. வண்டி ரெடியாதான் கீது. அஞ்சு நிமிசம்."

தொபியாஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தோள் குலுங்கியது. "நேரமாச்சிக்கா" என்றான், அவனுக்கே கேட்காத குரலில். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே நின்றான். நான் நகரவில்லை. ஹெப்சிபா சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"வாணாம் அத்த" என்றாள். "பூவெல்லாம் இதுல ஒட்டிட்டாங்க."

கியரைப் போட்டேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

கோயில் வாசலில் பேண்டு வாசித்தார்கள். செல்போன்களை எல்லாரும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். தொபியாஸின் அக்கா பட்டுப்புடவையில் முன்னால் நின்றாள். தொபியாஸ் இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து மகளுக்குக் கையைக் கொடுத்தான். கிரீடம் கதவின் மேல் விளிம்பில் இடித்தது. ஹெப்சிபா அதைச் சரி செய்துகொண்டு ஒரு காலை வைத்தாள், மறு காலை வைத்தாள். நான் எஞ்சினை அணைத்தேன்.

ஜெரால்டு கோட்டு சூட்டில் ஓடி வந்து என் ஜன்னலில் குனிந்தான். முகமெல்லாம் பல்.

"பாத்தியாமா? எல்லாம் வண்டியத்தான் பாக்கறாங்க. சும்மா சூப்பரா கீதுல்ல? ஹெப்சிக்குப் புட்ச்சிருந்துதாமா?"

அவனைப் பார்த்தேன். அவன் அப்பாவின் மூக்கு, அவன் அப்பாவின் புருவம். வழியில் அவள் சொன்னது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்கு எப்டிடா தெரியும்?" என்றேன். "உன் பொண்டாட்டிதானே? நீயே கேளு."

அவன் சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு ஓடினான்.